வேலையைக் கழித்தால் மீதி என்ன? அலுவலகத்துக்கு வெளியேயும் ஓர் ஆளாக இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முழங்காலில் அடிபட்டு ஏழு வாரம் வீட்டில் கிடந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. முதல் வாரம் அலுவலகத்திலிருந்து ஓயாமல் போன் வந்தது. இரண்டாவது வாரம் ஏதோ ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். நான்காவது வாரம் போன் அடிக்கவே இல்லை. நான் இல்லாமலே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, ஓடத்தான் வேண்டும். ஆனால் பார்க்க வந்த உறவினர் ஒருவர், "அப்புறம், பொழுதெல்லாம் எப்படிப் போகுது?" என்று சும்மா கேட்டபோது, சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. வேலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு கேள்விக்கு வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக நான் செய்து பார்த்ததும், அதற்காகப் படித்ததும்தான் இந்த வழிகாட்டி. பத்துக் கலை கற்று ஊரை அசத்துவதற்கு இது உதவாது. வேலை ஒன்றையே பிடித்துத் தொங்காமல், வேறு இரண்டு மூன்று இடங்களிலும் காலூன்றி நிற்பதற்கு உதவும்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

தாளில் உங்களைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள். பதவி, நிறுவனம், படிப்பு மூன்றும் வரக்கூடாது. "எனக்கு இசை பிடிக்கும்" மாதிரி வாக்கியங்களும் செல்லாது. கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் கையால், காலால், வாயால் உண்மையிலேயே செய்த ஒன்றாக இருக்க வேண்டும். என் தாளில் முதல் தடவை ஒன்றரை வாக்கியம்தான் வந்தது. அந்த அரை வாக்கியமும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து எழுதியது.

பட்ரீசியா லின்வில் என்ற உளவியலாளர் 1980களில் இதை ஆராய்ந்தார். தன்னைப் பல வேறுபட்ட பாத்திரங்களில் பார்ப்பவருக்கு ஒரு பாத்திரத்தில் அடி விழுந்தால், அந்த வலி மற்றவற்றுக்குப் பரவுவது குறைவு என்பது அவர் கருத்து. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே குரலில் ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாத்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் பயன் வந்துவிடுவதில்லை. பாரமாக இருக்கும் ஐந்து பொறுப்புகளோடு ஆறாவதாக ஒரு பாரத்தைச் சேர்த்துக்கொண்டால் முதுகுதான் உடையும். அதனால் கீழே உள்ள படிகளில் சேர்ப்பதைவிடக் கழிப்பதுதான் முதலில் வருகிறது.

தாளைப் பத்திரமாக வையுங்கள். கடைசியில் திரும்ப எடுப்போம்.

படி 1: 168 மணி நேரத்துக்குக் கணக்கு

"நேரமே இல்லை" என்பது பாதி உண்மை. வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56, வேலைக்கு 50, போக வர 7, சாப்பாடு, குளியல், வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் 25 என்று தாராளமாகவே வைத்தாலும் 30 மணி நேரம் மிஞ்சுகிறது. அது எங்கே போகிறது?

ஏழு நாளைக்கு, அரை மணிக்கு ஒரு வரி எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பொய்தான் வரும். அவ்வப்போதே எழுத வேண்டும். "போன் பார்த்தேன்" என்று ஒரே நாளில் ஐந்தாவது முறை எழுதும்போது கூச்சமாக இருக்கும், இருந்தாலும் எழுதுங்கள். என் கணக்கில் வாரம் பதினொரு மணி நேரம் இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் கரைந்திருந்தது. அரைக்கண்ணால் அலுவலக மெயில், அரைக்கண்ணால் யாரோ ஒருவருடைய வீடியோ. வேலையும் நடக்கவில்லை, ஓய்வும் கிடைக்கவில்லை.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்கள், இரண்டு வேலை பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டால் 30க்குப் பதில் 3 மணி நேரம் வரலாம். மற்றவர்களோடு ஒப்பிட்டு மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். வாரத்தில் இரண்டு தடவை இருபது நிமிடம் கிடைத்தாலே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி வேலை செய்யும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் வெளிப்படையாகப் பேசி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: செவ்வாய் மாலை எனக்கு, வியாழன் மாலை உனக்கு. ஒருவர் பன்முக மனிதராக வளர்வதற்காக இன்னொருவர் கூடுதலாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் அது நீண்ட நாள் ஓடாது.

படி 2: வேலையை வாசலோடு நிறுத்துவது

நேரம் கிடைத்தும் பலருக்கு எதுவும் நடக்காததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. உடம்பு வீட்டுக்கு வந்துவிடும், மனது இன்னும் அந்த மீட்டிங்கிலேயே உட்கார்ந்திருக்கும்.

வேலைக்குப் பிறகு மனிதர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்பதை ஆராய்ந்த சபினே சோனன்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007ல் நான்கு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார்கள். வேலையிலிருந்து மனதளவில் விலகுவது, உடலும் மனமும் தளர்வாக இருப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேர்வது, தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பது. சோபாவில் சாய்வது இரண்டாவதை மட்டும்தான் தரும். நாள் முழுக்கச் சோர்ந்த பிறகும் ஒரு கருவியை வாசிக்கவோ, தோட்டத்தைக் கிளறவோ போகிறவர் தெம்பாகத் திரும்பி வருவது எப்படி என்று நான் முன்பு வியந்ததுண்டு. அவருக்கு மற்ற மூன்றும் கிடைத்துவிடுகின்றன.

சரி, விலகுவது எப்படி? முடியாத வேலைகள்தான் மூளையை அரித்துக்கொண்டே இருக்கும். அவற்றை முடித்தால்தான் அரிப்பு நிற்கும் என்றில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்த நினைப்புகளின் தொந்தரவு குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட சோதனைகளில் காட்டினார்கள். நான் செய்வது இதுதான்: வேலை முடியும் முன் கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று வரி. எது முடியவில்லை, எந்த இடத்தில் நிற்கிறது, நாளைக் காலை முதலில் எதைத் தொடுவேன். "அறிக்கையை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "அறிக்கையின் மூன்றாம் பக்க அட்டவணை, காலை ஒன்பதரை" என்று எழுதினால் மனது அதை விட்டுவிடுகிறது.

அதன் பிறகு உடம்புக்கும் தெரிகிற மாதிரி ஏதாவது ஒன்று. உடை மாற்றுவது, பத்து நிமிடம் நடப்பது, முகம் கழுவுவது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் மடிக்கணினியை மூடினால் போதாது, கண்ணில் படாத அலமாரிக்குள் வையுங்கள். எந்நேரமும் அழைப்பு வரக்கூடிய வேலை என்றால், வாரத்தில் இரண்டு மாலையாவது உங்களுக்குப் பதில் யார் எடுப்பார் என்று குழுவில் பேசி வையுங்கள். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நான் இரண்டு வருடம் தயங்கினேன். கேட்டபோது, "எனக்கும் அப்படி ஒரு நாள் வேணும்" என்று மூன்று பேர் சொன்னார்கள்.

படி 3: எந்தப் பக்கம் காலி?

ஒருவருடைய வாழ்க்கையை ஐந்து பக்கமாகப் பிரித்துப் பார்க்கலாம். உடம்பு, கைவேலை, அறிவு, மனிதர்கள், பிறருக்கு உதவுவது. ஒவ்வொன்றுக்கும் நேரே கடந்த ஒரு மாதத்தில் செய்ததை எழுதுங்கள். இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்கும். பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் பக்கத்திலேயே இன்னும் கொட்டுவார்கள். தினமும் ஓடுகிறவர் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பார், நிறையப் படிக்கிறவர் இன்னும் பத்துப் புத்தகம் வாங்குவார். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் காலியான பக்கம் காலியாகவே கிடக்கும்.

வெறுமையான பக்கத்தில் எதைத் தொடங்குவது என்று தெரியவில்லையா? பன்னிரண்டு வயதில் யாரும் சொல்லாமலே எதைச் செய்துகொண்டிருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட நம்பகமான வழி பொறாமை. யாரைப் பார்த்தால், எதைச் செய்யும்போது உங்களுக்குள் சுருக்கென்று குத்துகிறது? நண்பன் பதவி உயர்வு பெற்றபோது எனக்குக் குத்தவில்லை. அவன் மகளின் நோட்டுப் புத்தக ஓரத்தில் இரண்டு நிமிடத்தில் ஒரு பூனை வரைந்து கொடுத்தபோது குத்தியது.

படி 4: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

ஐந்து பக்கத்தையும் ஒரே மாதத்தில் நிரப்பக் கிளம்பினால் மூன்றாவது வாரம் எல்லாம் சரிந்துவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் வேலைக்கு எதிர்த்திசையில் இருந்தால் நல்லது. நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவருக்குக் கையில் அழுக்குப் படுகிற ஒன்று. நாள் முழுக்கப் பேசுகிறவருக்கு வாயை மூடிக்கொண்டு செய்கிற ஒன்று. தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குக் கூட்டத்தோடு செய்கிற ஒன்று. நாளெல்லாம் நின்று உடலால் உழைப்பவரிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கு உட்கார்ந்து செய்கிற ஒன்று வேண்டும்.

வயது ஒரு தடையே இல்லை. வின்ஸ்டன் சர்ச்சில் 1915ல், டார்டனெல்ஸ் படையெடுப்பு சொதப்பி கடற்படை அமைச்சர் பதவி பறிபோன பிறகு, நாற்பது வயதில்தான் முதன்முதலில் தூரிகையைத் தொட்டார். அவர் அரசியல் பிடிக்கிறதோ இல்லையோ, வேலை கையை விட்டுப் போனபோது பற்றிக்கொள்ள அவருக்கு ஒன்று கிடைத்தது என்பது கவனிக்க வேண்டியது. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் நன்றாக வளர்ந்த பிறகுதான் ஓவியம் கற்றார், அதுவும் பண்டமாற்று முறையில். ஓவிய நண்பர் அவருக்கு வரையக் கற்றுக்கொடுப்பார், அவர் பதிலுக்கு ஓவியருக்கு இயற்பியல் சொல்லித்தருவார். இதை நாமும் தாராளமாகக் காப்பி அடிக்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஒன்றை வேண்டுகிற ஒருவர், உங்களுக்கு வேண்டிய ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கருவி வாங்குவதும் கற்றுக்கொள்வதும் ஒன்று என்று மூளை நினைத்துக்கொள்ளும். இருப்பதிலேயே எளிய பொருளோடு, முடிந்தால் இரவல் வாங்கி, இருபது தடவை செய்யுங்கள். இருபத்தொன்றாவது தடவைக்கு நல்ல கருவி வாங்கலாம்.

படி 5: முதல் இரண்டு மாதம், மோசமாகச் செய்யும் காலம்

நான் பென்சிலும் தாளும் எடுத்தேன். முதலில் மேசையில் இருந்த ஒரு கோப்பை. எளிதாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். வாயை நீள்வட்டமாக வரைந்தேன், இரண்டு பக்கமும் கோடு இழுத்தேன், அடியில் நேராக ஒரு கோடு. பார்த்தால் கோப்பை தட்டையாக, அட்டையில் வெட்டியது போல் நின்றது. நாலைந்து நாள் இதேதான். ஆறாவது நாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, மேலிருந்து பார்க்கும்போது கோப்பையின் அடி நேர்கோடே இல்லை. அதுவும் வளைந்திருக்கிறது, வாயின் விளிம்பைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாகவே. கோப்பை மேசையில் சமமாக உட்காரும் என்பது எனக்குத் தெரியும், அதனால் கண்ணில் பட்ட வளைவை விட்டுவிட்டுத் தெரிந்த நேர்கோட்டை வரைந்துகொண்டிருந்தேன்.

வேலையில் இருபது வருடம் ஆனவருக்கு இப்படி முட்டாளாக உட்கார்ந்திருக்கும் அனுபவம் கிடைப்பதே இல்லை. எனக்கு அது ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

பழக்கம் பிடிக்க எத்தனை நாள்? இருபத்தொரு நாள் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009ல் வெளியானது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆகும் என்று அதில் வந்தது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால் புதன்கிழமை விட்டுப்போனால் வியாழக்கிழமை தொடருங்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டுங்கள். "ஏழு மணிக்கு வரைவேன்" என்றால் ஏழு மணிக்கு ஏதாவது வந்துவிடும். "சாப்பிட்டு மேசையைத் துடைத்ததும் வரைவேன்" என்றால் துடைக்காமல் இருக்க முடியாது. அளவையும் வெட்கப்படுகிற அளவுக்குச் சின்னதாக வையுங்கள். என்னுடையது ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருள், பத்து நிமிடம்.

படி 6: மனிதர்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஹார்வர்டில் 1938ல் தொடங்கிய ஒரு ஆய்வு இன்னும் நடக்கிறது. முதலில் சேர்ந்தவர்களின் முழு வாழ்க்கையையும், பிறகு அவர்களுடைய பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். முதுமையில் யார் நலமாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பார் என்பதோடு நெருங்கிய தொடர்புள்ளதாக அதில் திரும்பத் திரும்பத் தெரிந்தது, உறவுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான்.

நட்பு வளர என்ன வேண்டும் தெரியுமா? மணிக்கணக்கான நேரம். ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் 2018ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. சேர்ந்து வேலை பார்த்த நேரம் இதில் அவ்வளவாகப் பலன் தரவில்லை என்றும் அவர் கண்டார். வாரம் இரண்டு மணி நேரம் சந்திக்கிற ஒருவரோடு 200 மணி நேரம் சேர இரண்டு வருடம் ஆகும். ஆண்டுக்கு ஒரு முறை "கட்டாயம் மீட் பண்ணணும்" என்று செய்தி அனுப்பிக்கொண்டால் இந்த ஜென்மத்தில் சேராது.

ஆகவே திரும்பத் திரும்ப ஒரே முகங்களைப் பார்க்கிற ஏற்பாடு வேண்டும். வாராவாரம் கூடும் விளையாட்டுக் குழு, சேர்ந்திசை, வாசகர் வட்டம், தன்னார்வக் குழு, எதுவானாலும் சரி. முதல் மூன்று தடவை சங்கடமாகத்தான் இருக்கும், அவர்களுக்குள் ஏற்கெனவே நெருக்கம் இருக்கும், உங்களுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. நான்காவது தடவை நாற்காலி அடுக்க உதவுங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சும் தானாக வரும்.

பழைய நட்புகளை மீட்பது இதைவிடச் சுலபம், ஆனால் கூச்சம் அதிகம். ஒன்பது வருடமாகப் பேசாத ஒரு நண்பனை நான் கூப்பிட்டேன். எடுத்ததும் அவன் கேட்டது: "டேய், என்னடா திடீர்னு? வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். "சும்மாவா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு நாற்பது நிமிடம் பேசினோம். இத்தனை வருடம் கூப்பிடாததற்கு விளக்கம் வேண்டும் என்று நினைத்துத்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அவன் அதைக் கேட்கவே இல்லை. வைக்கும் முன் அடுத்த அழைப்புக்கு நாளை முடிவு செய்துவிடுங்கள். "அப்புறம் பேசலாம்" என்று வைத்தால் இன்னொரு ஒன்பது வருடம் ஓடிவிடும்.

பிறருக்கு உதவுவதையும் இதோடு சேர்த்துவிடலாம். நன்கொடை கொடுப்பதைத் தாண்டி, மாதம் இரண்டு முறை ஓர் இடத்துக்குப் போய் ஒரு வேலையைச் செய்யுங்கள். அங்கே உங்கள் பதவி யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அது எவ்வளவு ஆறுதல் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

படி 7: உடம்பும் வாசிப்பும், சுருக்கமாக

உடம்பைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. வேகமாக நடந்தாலே முதல் பாதி முடிந்துவிடும்.

வாசிப்பில் என் சிபாரிசு ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு உங்கள் தொழிலோடு ஒட்டாத ஒரே துறையை எடுத்துக்கொள்ளுங்கள், மண்ணியலோ கட்டடக்கலையோ எதுவானாலும். முதலில் ஓர் அறிமுக நூல், பிறகு அதோடு முரண்படும் ஒருவர் எழுதியது, பிறகு அந்தத் துறையில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கை. ஒவ்வொன்றையும் முடித்ததும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிப் பாருங்கள். பிள்ளை கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே உங்களுக்கு எது புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

படி 8: காசாக்காதீர்கள், உடனே காட்டவும் வேண்டாம்

என் படங்கள் கொஞ்சம் தேறியதும் நாலு பேர் ஒரே யோசனையைச் சொன்னார்கள். "இதைப் போட்டு ஒரு பேஜ் ஆரம்பிக்கலாமே, விற்கக்கூடச் செய்யலாம்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் 1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனை எனக்கு நினைவில் இருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை விரும்பிய சின்னக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து எந்தப் பரிசும் இல்லாமல் விட்டுப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவுதான் வரைந்தார்கள்.

பணம் தேவைப்படுகிறவர் சம்பாதிப்பதில் தவறே இல்லை. தேவை இல்லாதவர் முதல் ஒரு வருடமாவது பொறுக்கலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கினால் மாலை நேரத்துக்கும் ஒரு மேலதிகாரி வந்துவிடுவார்.

படி 9: மூன்று மாதம் கழித்து

பழைய தாளை எடுத்துவைத்துக்கொண்டு, பார்க்காமல் புதிதாக ஐந்து வாக்கியம் எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடங்கிய விஷயம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், அது தோல்வியில் சேராது. ஒரே ஒரு நிபந்தனை: சொதப்பிய நாளில் விடாதீர்கள். நன்றாக வந்த ஒரு நாளில் உட்கார்ந்து, இன்னும் இது வேண்டுமா என்று கேளுங்கள். அன்றைக்கும் வேண்டாம் என்று தோன்றினால் நிம்மதியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நான் இப்படி ஒரு மொழி வகுப்பைப் பாதியில் விட்டேன். பிடித்துவிட்டது என்றால் அதை அப்படியே ஓடவிட்டு, அடுத்த காலியான பக்கத்துக்குப் படி 4லிருந்து மறுபடி தொடங்குங்கள்.

என் தாளில் இப்போது நான்கு வாக்கியம் இருக்கிறது. ஐந்தாவதாக "எனக்கு நீந்தத் தெரியும்" என்று எழுத ஆசை. முழங்காலுக்கு நல்லது என்று தொடங்கியது. போன வாரம் பத்து மீட்டர் வரை போனேன். பிறகு மூச்சுக்காகத் தலையைத் தூக்கினேன், தலை மேலே போனதும் கால் கீழே போய்விட்டது. பக்கவாட்டில் திரும்ப வேண்டுமாம், தூக்கக் கூடாதாம். பக்கத்துத் தடத்தில் நீந்துகிற எட்டு வயதுச் சிறுமி சொல்லித்தந்தாள்.